பவுண்ட் ஸ்கிரிப்டா, பைபிளா, டீசரா: ஸ்டூடியோவுக்குப் போகும் முன் எதைத் தயாரிப்பது?

ஒரு கதை மனதில் தெளிவாக உருவாகிவிட்டது. அதைப் படமாகவோ தொடராகவோ எடுக்க ஒரு ஸ்டூடியோவை அணுக வேண்டும். சில மாத அவகாசம் இருக்கிறது. பெரிய பணம் இல்லை. இந்த மாதங்களில் எதை உருவாக்குவது? பவுண்ட் ஸ்கிரிப்ட் எனப்படும் முழுத் திரைக்கதையா, கதையைச் சுருக்கிச் சொல்லும் பத்துப் பக்க ட்ரீட்மென்ட்டா, தொடரின் உலகத்தையும் போக்கையும் விவரிக்கும் பைபிளா, ஐந்து நிமிட டீசரா, படங்கள் நிறைந்த பிட்ச் டெக்கா? அல்லது எதையும் எழுதாமல் நேரில் போய்க் கதை சொல்லிவிடலாமா? எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கை வைப்பவர்களே அதிகம். அவர்களிடம் கடைசியில் எல்லாமே அரைகுறையாக நிற்கும். ஒன்றை முதன்மையாக எடுத்துக்கொண்டு அதை முடிப்பதே நல்லது. எதை எடுப்பது என்பதற்கு நான் நம்பும் அளவுகோல் ஒன்று உண்டு.

உங்கள் கதையைக் கேட்பவர் பெரும்பாலும் முடிவெடுப்பவர் அல்லர். ஸ்டூடியோவிலும் சரி, ஓடிடி தளத்திலும் சரி, முதலில் சந்திப்பது கதைப் பிரிவின் அதிகாரி ஒருவரைத்தான். 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. 'எடுப்போம்' என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இரண்டு மூன்று படி மேலே இருக்கிறது. அவருக்குப் பிடித்திருந்தால் மேலே போய்ச் சொல்வார். எழுத்தில் கொடுத்திருந்தால், வாசிப்பதற்கென்றே அமர்த்தப்பட்ட ஒருவர் கதைச் சுருக்கமும் தன் கருத்துமாகச் சில பக்கங்களில் 'கவரேஜ்' எனப்படும் அறிக்கையை எழுதுவார். பரிந்துரைக்கிறேன், பரிசீலிக்கலாம், வேண்டாம் என்ற மூன்றில் ஒன்று அதில் இருக்கும். மேலிடத்தில் பலர் புரட்டிப் பார்ப்பது அந்த அறிக்கையை மட்டுமே. ஆக, உங்கள் கதையின் தலையெழுத்து நீங்கள் இல்லாத ஓர் அறையில், இன்னொருவர் வாயால் தீர்மானமாகிறது. நீங்கள் தயாரித்த பொருள் அந்த அறைக்குள் எவ்வளவு சேதாரமில்லாமல் போய்ச் சேரும்? இதுதான் என் அளவுகோல்.

ஒப்பிட வசதியாக ஒரு கதையை வைத்துக்கொள்வோம். ஓய்வுபெறப்போகும் நீதிமன்றத் தட்டச்சர் ஒருத்தி, பல ஆண்டுகளுக்கு முன் தான் தட்டச்சு செய்த சாட்சியத்தில் ஒரு பக்கம் மாற்றி வைக்கப்பட்டிருப்பதைக் கடைசி வாரத்தில் தற்செயலாகக் கண்டுபிடிக்கிறாள். அந்தப் பக்கத்தால் தண்டனை பெற்றவன் இன்னும் சிறையில் இருக்கிறான். மாற்றியவர் இன்று அதே நீதிமன்றத்தின் நீதிபதி.

நேரில் கதை சொல்வதற்குத் திரைத்துறையில் எப்போதும் தனி மரியாதை இருந்துவருகிறது. இரண்டு மணி நேரம் காட்சி காட்சியாக, பின்னணி இசை உட்பட வாயாலேயே ஓட்டிக்காட்டும் இயக்குநர்கள் உண்டு. கேட்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். செலவும் இல்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் அதிகாரியின் நினைவில் இரண்டு நாளில் மூன்று வாக்கியங்களாகச் சுருங்கிவிடும். மேலே போய் அவர் சொல்லப்போவது அந்த மூன்று வாக்கியங்களைத்தான். எனவே நேரில் சொல்பவர்கள் உண்மையில் ஒத்திகை பார்க்க வேண்டியது அந்த மூன்று வாக்கியங்களை. தட்டச்சர் கதைக்கு அவை மேலே இருக்கின்றன; கேட்ட எவரும் திருப்பிச் சொல்லிவிடலாம். சில கதைகள் அப்படிச் சுருங்காது. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை மௌனத்தைப் பற்றிய கதையை மூன்று வாக்கியத்தில் சொன்னால் அதில் எதுவுமே மிஞ்சாது. அத்தகைய கதையோடு வெறுங்கையாகப் போகக் கூடாது.

ஏற்கெனவே படம் எடுத்து வென்றவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அவர்களுடைய முந்தைய படம் மேலறையில் அவர்களுக்காகப் பேசும். 2011-இல் நெட்ஃபிளிக்ஸ் தன் முதல் பெரிய தொடரான 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸு'க்கு, முன்னோட்ட எபிசோட் எதையும் பார்க்காமலேயே, இரண்டு சீசன்களுக்கு ஒப்புக்கொண்டது. டேவிட் ஃபிஞ்சர் போன்ற ஓர் இயக்குநரின் பெயர் உடன் இருந்ததால் அது நடந்தது. புதியவர் ஒருவர் அதைப் பார்த்து, 'பேச்சிலேயே முடித்துவிடலாம்' என்று நம்புவது ஆபத்து.

வெறும் பேச்சை நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் கதைக்கருவைக் காப்பதில்லை. அது எழுத்தில் எடுத்த வடிவத்தையே காக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. அமெரிக்காவில் 1956-இல் வந்த டெஸ்னி வழக்கு சுவையானது. இயக்குநர் பில்லி வைல்டரின் செயலாளரிடம் ஒரு எழுத்தாளர், உண்மைச் சம்பவம் ஒன்றைத் தழுவிய தன் கதைச் சுருக்கத்தைத் தொலைபேசியில் வாசிக்க, செயலாளர் அதைச் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டார். பின்னர் அதே உண்மைச் சம்பவத்தைத் தழுவியது போன்ற படம் வந்தபோது எழுத்தாளர் வழக்குத் தொடுத்தார். பயன்படுத்தினால் பணம் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு கதை சொல்லப்பட்டிருந்தால், அதிலிருந்து ஒப்பந்தம் பிறக்க இடமுண்டு என்று கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் அதற்கு அவர் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. நேரில் சொல்வதாக இருந்தாலும், அதற்கு முன் ஒரு சுருக்கத்தையாவது எழுதி எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். சந்திப்பு முடிந்த அன்றே, 'இன்று இந்தக் கதையைப் பற்றிப் பேசியதற்கு நன்றி' என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். தேதியோடு சாட்சி நிற்கும்.

அடுத்தது ட்ரீட்மென்ட். எட்டிலிருந்து பதினைந்து பக்கம், நிகழ்காலத்தில், வசனம் இல்லாமல் முழுக் கதையும் முடிவு உட்பட. முடிவை மறைத்து வைத்து ஆவலைத் தூண்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பணம் போடப்போகிறவரிடம் அது எடுபடாது. எழுதியவருக்கே முடிவு தெரியவில்லை என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். அரை மணி நேரத்தில் படித்துவிடலாம் என்பதால் அதிகாரிகள் இதை விரும்புவார்கள். கதையமைப்பில் ஓட்டை இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். எழுதியவருக்கும் அது நல்லது. ஆனால் எழுத்தாளருக்குக் காட்சி எழுதத் தெரியுமா என்பதை ட்ரீட்மென்ட் காட்டாது.

தட்டச்சர் கதையின் திருப்பத்தை ட்ரீட்மென்ட்டில் எழுதினால் இப்படி இருக்கும்: 'பழைய கோப்பைப் புரட்டும்போது அந்தப் பக்கம் தான் அடித்தது இல்லை என்று அவளுக்குத் தெரிகிறது. அதிர்ச்சி அடைகிறாள்.' தகவல் வந்துவிட்டது, அவ்வளவுதான். அதையே திரைக்கதையில் எழுதினால்: அவளுடைய பழைய தட்டச்சு இயந்திரத்தில் ஓர் எழுத்து எப்போதும் வரியிலிருந்து அரை மயிரிழை மேலே ஏறி விழும். கோப்பில் நாற்பது பக்கம், எல்லாப் பக்கத்திலும் அந்த எழுத்து ஏறி நிற்கிறது. நாற்பத்தோராவது பக்கத்தில் எல்லா எழுத்தும் நேர்கோட்டில் இருக்கின்றன. அவள் அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறாள். பக்கத்து மேசைக்காரர், 'என்னம்மா, ஏதாவது தப்பா?' என்று கேட்கிறார். 'இல்லை. ஒரு தப்பும் இல்லை' என்கிறாள். அதிர்ச்சி என்ற சொல் எங்கும் இல்லை. படிக்கிறவருக்குக் காட்சி கிடைத்துவிட்டது, நடிகைக்கு நடிக்க இடம் கிடைத்துவிட்டது, கேமரா எங்கே இருக்க வேண்டும் என்பதுகூடப் புரிந்துவிட்டது.

இதனால்தான் புதியவர்களுக்கு நான் முழுத் திரைக்கதையைச் சொல்கிறேன். நம் திரைத்துறையில் 'பவுண்ட் ஸ்கிரிப்ட்' என்று சொல்வது இதைத்தான்: எல்லாக் காட்சிகளும், எல்லா வசனமும், தொடக்கம் முதல் முடிவு வரை. ஹாலிவுட் வடிவத்தில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது கணக்கு. 90 முதல் 120 பக்கம் வரை ஒரு படம். உழைப்பு அதிகம். மாதக்கணக்கில் எவரும் சம்பளம் தராத வேலை. ஒரு நிறுவனத்தில் ஒருமுறை 'வேண்டாம்' வாங்கிய திரைக்கதையை அங்கேயே மீண்டும் படிக்க வைப்பது கடினம் என்பதால், முதல் பிரதியை ஆர்வக் கோளாறில் அனுப்பிவிடவும் கூடாது. இத்தனை இருந்தும், மேலே சொன்ன அறைக்குள் சேதாரமே இல்லாமல் போய்ச் சேரும் ஒரே பொருள் இதுதான். அதிகாரி மோசமாகக் கதை சொல்பவராக இருந்தாலும், 'இதைப் படித்துப் பாருங்கள்' என்று அவரால் நீட்ட முடியும்.

விற்காத திரைக்கதைக்கும் வாழ்வு உண்டு. மேத்யூ வைனர் ஒரு நகைச்சுவைத் தொடரில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், யாரும் கேட்காமல், 'மேட் மென்' தொடரின் முதல் எபிசோடை எழுதி வைத்தார். அது உடனே விலைபோகவில்லை. ஆனால் அதைப் படித்த டேவிட் சேஸ், தன் 'சோப்ரானோஸ்' தொடரின் எழுத்தாளர் குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டார். 'மேட் மென்' 2007-இல்தான் ஒளிபரப்பானது. ஹாலிவுட்டில் 2005 முதல் 'பிளாக் லிஸ்ட்' என்ற ஆண்டுப் பட்டியல் வெளிவருகிறது. இன்னும் படமாகாத திரைக்கதைகளில் தங்களுக்குப் பிடித்தவை எவை என்று ஸ்டூடியோ அதிகாரிகளே சொல்லும் பட்டியல் அது. ஒரு டெக்கோ டீசரோ அப்படிக் கைமாறிக் கைமாறிப் போய் எழுதியவருக்கு வேலை வாங்கித் தருவது அரிது.

தொடர் என்றால் முழுவதையும் எழுதிக்கொண்டு போக வேண்டியதில்லை. முதல் எபிசோடின் திரைக்கதையும் ஒரு பைபிளும் போதும். பைபிளில் கதை நடக்கும் உலகம், பாத்திரங்கள், முதல் சீசனின் போக்கு, எபிசோட் வாரியாகச் சுருக்கம், அடுத்த சீசன் எங்கே போகும் என்பதற்கு ஒரு குறிப்பு ஆகியவை இருக்கும். பதினைந்து இருபது பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஐம்பது பக்கத்துக்கு உலகத்தை விவரித்துவிட்டு, முதல் எபிசோடை எழுதாமல் வருகிறவர்கள் நிறைய. பைபிள் வாக்குறுதி மட்டுமே. அதை நிறைவேற்றத் தெரியும் என்பதற்கு ஆதாரம் முதல் எபிசோடில்தான் இருக்கிறது.

டஃபர் சகோதரர்கள் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரை 'மான்டாக்' என்ற பெயரில் எடுத்துக்கொண்டு அலைந்தபோது கையில் வைத்திருந்தவற்றைப் பார்த்தால் இந்தச் சேர்க்கை புரியும். எழுதி முடித்த முதல் எபிசோட். பழைய பாக்கெட் நாவலைப் போல வடிவமைத்த, ஏறத்தாழ இருபது பக்க லுக் புக், அதாவது தொடர் எப்படித் தோன்றும் என்று காட்டும் தொகுப்பு. பழைய படங்களின் காட்சிகளை வெட்டி ஒட்டிய ஒரு போலி டிரெய்லர். அத்தனை இருந்தும் பதினைந்து இருபது இடங்களில் மறுப்பு. சிறுவர்கள் கதையின் மையமாக இருக்கும்போது அது சிறுவர் தொடராகத்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் சிறுவர்களை எடுத்துவிட்டுக் காவல் அதிகாரியை மையமாக வையுங்கள் என்றெல்லாம் சொன்னார்கள். சகோதரர்கள் மாற்றவில்லை. 2016-இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. லுக் புக்கும் டிரெய்லரும் எழுதிய எபிசோடுக்குத் துணையாக வந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். அதன் இடத்தில் வைக்கப்பட்டவை அல்ல.

படமா, தொடரா என்பதையே தவறாக முடிவு செய்து, தவறான பொருளைத் தயாரிப்பவர்களும் உண்டு. 'ஸ்க்விட் கேம்' கதையை ஹ்வாங் டாங்-ஹ்யூக் 2009-இல் ஒரு படத்தின் திரைக்கதையாகத்தான் எழுதினார். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் எவரும் எடுக்கவில்லை. 2021-இல் அது தொடராக வந்தது. தட்டச்சர் கதைக்கு வருவோம். இதைத் தொடராக்க ஆசைப்படலாம்; இன்று தொடருக்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று யாராவது சொல்லியும் இருப்பார்கள். ஒரு சோதனை செய்து பாருங்கள். எட்டு எபிசோடுக்கும் தலா ஐந்து வரி எழுதுங்கள். முதல் இரண்டும் கடைசி இரண்டும் வேகமாக வரும். நடுவில் இருக்கும் நான்கில் புதிய பாத்திரங்களையும் கடத்தலையும் திணிக்க வேண்டியிருந்தால், அது படம். எங்கள் தட்டச்சர் கதை அப்படித்தான்: ஒரு பக்கம், ஒரு பொய், ஒரு வாரம். வாரம் முடிந்தால் கதையும் முடிந்தது. அவளுடைய நாற்பது ஆண்டுக் கோப்புகளில் இன்னும் எத்தனை பக்கங்கள் மாற்றப்பட்டிருக்கின்றன என்ற கேள்வி எழுத்தாளரை உண்மையாகவே தூங்கவிடாமல் செய்தால், அப்போது தொடரைப் பற்றி யோசிக்கலாம்.

டீசருக்கும் குறும்படத்துக்கும் இருக்கும் கவர்ச்சி பெரிது. கேமரா எடுத்து நாலு நாள் படம்பிடித்தால் எழுதும் வேதனையிலிருந்து தப்பிக்கலாம் என்ற நினைப்பும் அதில் ஒளிந்திருக்கிறது. டேமியன் சேஸெல் 'விப்லாஷ்' திரைக்கதையை முதலில் முழுவதுமாக எழுதிவிட்டார். 2012-ஆம் ஆண்டின் பிளாக் லிஸ்ட்டில் அது இடம்பெற்றது. அப்படியும் பணம் கிடைக்காததால், அதிலிருந்து ஏறத்தாழ 15 பக்கத்தை மட்டும் குறும்படமாக எடுத்தார். அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் 2013-இல் அது பரிசு பெற்றது. அடுத்த ஆண்டே முழுப் படம் அதே விழாவைத் தொடங்கி வைத்தது. ஜேம்ஸ் வானும் லீ வானலும் 'சா' படத்துக்குச் செய்ததும் இதுதான்: திரைக்கதை தயார், அதிலிருந்து ஒரே ஒரு காட்சி 2003-இல் குறும்படமாக. இரண்டு இடத்திலும் குறும்படம் ஒரு குறிப்பிட்ட சந்தேகத்துக்கு விடை சொன்னது. 'விப்லாஷ்' போல, ஓர் இசை வகுப்பில் மேளம் பழகும் பையனின் கதையில் அப்படி என்ன பதற்றம் இருந்துவிடப் போகிறது என்று தாளில் படிக்கிறவர் கேட்கலாம். ஆசிரியர் அந்த மாணவனை நோக்கிக் கத்துவதை ஒருமுறை பார்த்தவர் கேட்க மாட்டார்.

தமிழில் நம் கண்ணெதிரில் நடந்தது வேறு மாதிரி. பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' 2010-இல் குறும்படமாக யூடியூபில் பரவி, 2012-இல் முழுப் படமானது. ராம்குமாரின் 'முண்டாசுப்பட்டி' குறும்படமும் 2014-இல் படமானது. இவற்றில் குறும்படம் தனியாகவே நிறைவு கொண்ட கதை. பார்த்தவர்கள் சிரித்தார்கள், பகிர்ந்தார்கள், பார்வையாளர் உண்டு என்பது எண்ணிக்கையில் நிரூபணமானது. நகைச்சுவைக்கு இந்த வழி பொருந்தும், ஏனென்றால் தாளில் சிரிப்பை நிரூபிப்பது கடினம். இயக்கவும் போகிறேன், இதுவரை இயக்கியதில்லை என்பவருக்கும் பொருந்தும். எழுத்தாளராக மட்டும் போகிறவர் டீசரில் பணத்தைக் கரைக்க வேண்டாம். மோசமான ஒலிப்பதிவும் பழகாத நடிகர்களும் உள்ள டீசர், நல்ல திரைக்கதையையும் சேர்த்துக் கீழே இழுத்துவிடும். படிக்கிறவர் மனதில் ஓடும் படத்துக்கு பட்ஜெட் தட்டுப்பாடு கிடையாது. ஒரு டீசர் ஓடிய பிறகு அவர் மனதில் அந்த டீசர்தான் ஓடும்.

பிறர் படங்களை வெட்டி ஒட்டிய டிரெய்லர் சந்திப்பு அறைக்குள் காட்ட மட்டும். இணையத்தில் போட்டால் உரிமைச் சிக்கல் வரும்.

பிட்ச் டெக் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. பத்துப் பன்னிரண்டு பக்கம்: ஒருவரிக் கதை, கதைச் சுருக்கம், முக்கியப் பாத்திரங்கள், நிறமும் ஒளியும் எப்படி இருக்கும் என்று காட்டும் படங்கள், ஏன் நீங்கள்தான் இதை எடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு பக்கம். கடைசி ஒரு வாரத்தில் செய்து முடிக்கலாம். ஒப்புக்கொள்ளாத நட்சத்திரங்களின் புகைப்படங்களை அதில் ஒட்ட வேண்டாம். அந்த நட்சத்திரத்தோடு ஸ்டூடியோவுக்கு என்ன உறவு என்று உங்களுக்குத் தெரியாது.

நடிகரையோ இயக்குநரையோ முன்கூட்டியே இணைத்துக்கொண்டு போவது இன்னொரு வழி. இதில் பலன் வந்தால் பெரிதாக வரும், சிக்கினால் பெரிதாகச் சிக்கும். இணைந்தவரை ஸ்டூடியோ விரும்பவில்லை என்றால் கதையும் அவரோடு சேர்ந்து வெளியே போகும். வின்ஸ் கில்லிகன் 'பிரேக்கிங் பேட்' தொடருக்கு பிரையன் கிரான்ஸ்டனை விரும்பியபோது, நகைச்சுவைத் தொடரின் அப்பாவாகத்தான் அவரைத் தெரியும் என்று நிர்வாகம் தயங்கியது. தான் எழுதி, கிரான்ஸ்டன் நடித்து 1998-இல் வந்த 'எக்ஸ் ஃபைல்ஸ்' எபிசோட் ஒன்றைக் கில்லிகன் போட்டுக் காட்டினார். சந்தேகம் தீர்ந்தது. பேசி வாதாடுவதைவிட ஏற்கெனவே இருக்கும் ஒன்றைக் காட்டுவது எவ்வளவு எளிது பாருங்கள். புதிதாக எதையும் படம்பிடிக்கத் தேவையே இருக்கவில்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒன்றை முதலில் முடித்தாக வேண்டும். கதை ஒரு நாவலிலிருந்தோ உண்மை மனிதர் ஒருவரின் வாழ்க்கையிலிருந்தோ வந்திருந்தால், உரிமை எழுத்தில் கையில் இருக்க வேண்டும். முழு உரிமையையும் விலைகொடுத்து வாங்க முடியாதவர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் 'ஆப்ஷன்' ஒப்பந்தம் போட்டுக்கொள்வது வழக்கம். 'அவரிடம் பேசிவிட்டேன், சரி என்றார்' என்பதை ஸ்டூடியோவின் சட்டப் பிரிவு ஏற்காது. பெரிய நிறுவனங்கள் பல, முகவரோ வழக்கறிஞரோ வழியாக வராத எழுத்தைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. அல்லது ஓர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து கேட்கும். அந்தப் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

தட்டச்சர் கதையைக் கொண்டுபோவது நானாக இருந்தால், என் நேரம் இப்படிப் போகும். முதல் மாதம் ட்ரீட்மென்ட், எனக்காக மட்டும், ஓட்டைகளைக் கண்டுபிடிக்க. அடுத்த மூன்று மாதம் திரைக்கதை. அதன்பின் கதையை அறியாத இருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, மறுவாரம் அவர்களையே கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன். அந்த ஏறி விழும் எழுத்தை அவர்கள் சொல்லாமல் விட்டால், காட்சியைத் திருத்தி எழுதுவேன். டீசர் எடுக்க மாட்டேன். கதை ஒரு முகத்தை நம்பி இருப்பதால், அந்தப் பணத்துக்கும் அந்த நாட்களுக்கும் பதிலாக ஓய்வுபெறும் வயதுக்குப் பொருந்தும் நல்ல நடிகை ஒருவருக்கு முடிந்த திரைக்கதையை அனுப்புவேன். அவர் விரும்பினால் அவர் பெயரோடு போவேன், விரும்பாவிட்டால் பெயரில்லாமல் போவேன். கடைசி வாரத்தில் பத்துப் பக்க டெக், அதன் முதல் பக்கத்தில் நாற்பதாவது பக்கமும் நாற்பத்தோராவது பக்கமும் அருகருகே.